உடன்போக்கா, ஆட்கடத்தலா?

   

இலக்கிய அரங்கில் ஆட்கடத்தலைப் பற்றிப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். அது காவல் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் உரிய பொருள் என்பது பொதுவான கருத்து. ஆயின், ஒரு பெண் ஊரிலிருந்து காணாமற் போகும்போது முதலில் நிகழ்வது விசாரணையன்று, வாசிப்பு. ஊர் அந்த நிகழ்ச்சியை ஒரு சொல்லால் வாசிக்கிறது. 'ஓடிப்போய்விட்டாள்' என்பது அச்சொல். அதன் பிறகு தேடுவோரும் குறைவர், கேட்போரும் குறைவர். சொல்லைக் கொண்டு தொழில் செய்யும் புலவர் கூட்டத்துக்கு இதைவிட நெருங்கிய பொருள் வேறு இல்லை.

ஓடிப்போதலுக்குத் தமிழில் ஓர் உயர்ந்த பெயர் உண்டு. அகத்திணை நூல்கள் அதனை உடன்போக்கு என்று போற்றுகின்றன. தலைவி தான் விரும்பிய தலைவனோடு பாலை வழியே செல்கிறாள். செவிலி அவளைத் தேடிச் சுரத்திடையே அலைகிறாள். கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டொன்று, எதிர்ப்பட்ட அந்தணர்களைச் செவிலி வினவுவதையும் அவர்கள் அவளைத் தேற்றி அனுப்புவதையும் காட்டும். மலையில் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, கடலில் பிறந்த முத்து கடலுக்குப் பயன்படுவதில்லை, உன் மகளும் அத்தகையளே என்பது அவர்கள் சொன்ன ஆறுதல். செவிலியும் திரும்பிவிடுகிறாள். ஈராயிரம் ஆண்டுகளாக இந்த ஆறுதல் தமிழ் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. பாட்டில் அந்தணர் அந்த இருவரையும் கண்ணால் கண்டவர்கள். அவள் அச்சமின்றிச் சென்றதைக் கண்டபின் சொன்ன மொழி அது. காணாமலே அந்த ஆறுதலைச் சொல்லும் ஊர்தான் இங்குப் பிரச்சினை.

பொட்டிபுரத்திலிருந்தோ போடிநாயக்கனூரிலிருந்தோ மேற்கே நோக்கினால் ஏலமலைத் தொடர் சுவர்போல் நிற்கும். முந்தலைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி. மாநிலம் வேறு, ஆட்சி வேறு. எனினும் இந்தச் சரிவின் இரு பக்கமும் ஒரே வாழ்வு. அடிவாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்குக் களையெடுக்கவும் காய் எடுக்கவும் போய் இருட்டிய பின் திரும்புகின்றனர். மலையில் விளைந்த காய் போடியின் ஏல மையத்துக்கு இறங்கி வருகிறது.

அந்தச் சூரியநெல்லியின் பெயரைத் தென்னாடு முழுதும் அறியச் செய்தது காயும் அன்று, தேயிலையும் அன்று. 1996ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள், ஒன்பதாம் வகுப்பில் பயின்ற பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற் போனாள். அன்பு காட்டுவதுபோல் பழகிய பேருந்து நடத்துநர் ஒருவனே அவளை வீட்டிலிருந்து பிரித்தவன். அவன் கையிலிருந்து அவள் வேறு கைகளுக்கு மாற்றப்பட்டாள். நாற்பது நாள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுப் பலருக்கு இரையாக்கப்பட்டாள். நோயுற்று, நடக்கவும் இயலாத நிலையில் பிப்ரவரி இறுதியில் வீடு திரும்பினாள்.

நாற்பது நாள்! அவள் மறைக்கப்பட்டிருந்தது காட்டுக் குகையில் அன்று. பேருந்திலும் விடுதியிலும் கடைத்தெருவிலும் அவளைக் கண்ட கண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அறையை வாடகைக்கு விட்டவர், உணவு கொண்டுவந்து வைத்தவர், பயணச் சீட்டுக் கிழித்தவர், பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவர் என எத்தனையோ பேர். அவர்களுள் பெரும்பாலோர் கொடியவரல்லர். தாம் காண்பது இன்னது என்று அறியாதவர்கள். அல்லது 'நமக்கேன்' என்று கண்ணைத் திருப்பிக்கொண்டவர்கள்.

பொட்டிபுரத்தின் பெயர் உலக அறிவியலாளரிடையே அறிமுகமானது நியூட்ரினோ என்னும் துகளால். எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்றும் தடம் காட்டாத அத்துகளைப் பிடித்துப் பார்க்க இவ்வூர் மலையைக் குடைவதென்ற திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அத்திட்டம் தடைப்பட்டது. அதன் நன்மை தீமை வேறு அவையில் பேசற்பாலது. காணவியலாத துகளுக்குக் கருவி தேடலாம். கண்ணெதிரே போகும் சிறுமியைக் காண என்ன கருவி வேண்டும் என்பதே இங்குக் கேள்வி.

சூரியநெல்லி வழக்கின் போக்கு தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய உரைவேற்றுமை வரலாறு. ஒரே நிகழ்ச்சி, ஒரே சாட்சியம். 2000ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் முப்பத்தைந்து பேரைக் குற்றவாளிகள் என்றது. 2005இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவனைத் தவிர மற்றவர்களை விடுவித்தது. தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவள் தப்பவில்லை, ஆகவே அவளுடைய சொல்லை நம்புவதற்கில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 2013 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்க ஆணையிட்டது. 2014 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு இருபத்து நால்வரின் தண்டனையை உறுதிசெய்தது. பதினெட்டு ஆண்டுகள்! இதற்கிடையே அக்குடும்பம் அக்கம்பக்கத்தாரின் ஏச்சைத் தாங்காது ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது.

'ஏன் ஓடவில்லை?' என்னும் வினாவை நீதிமன்றம் மட்டுமா கேட்டது? தேநீர்க் கடையும் கேட்டது, குழாயடியும் கேட்டது. ஓடுவதென்றால் எங்கே ஓடுவது? பதினாறு வயது, அறியாத ஊர், கையில் காசில்லை, வீட்டாரைக் கொன்றுவிடுவதாக மிரட்டல், போனால் ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம். கடைசியாகச் சொன்னது கயிற்றைவிட வலியது. அந்தக் கயிற்றை முறுக்கியவன் தரகன் அல்லன், ஊர். தரகன் அதை எடுத்துக் கட்டினான், அவ்வளவே.

அன்றைய சட்டமும் அந்த வினாவுக்கு இடம் தந்தது. இசைவு தரும் வயது அப்போது பதினாறு. எனவே சிறுமி இசைந்தாளா என்பதே வழக்கின் அச்சாணி ஆயிற்று. 2012இல் வந்த போக்சோ சட்டம் அவ்வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு திருத்தப்பட்டு, ஆட்கடத்தலுக்கு விரிவான வரையறை வகுக்கப்பட்டது. அச்சுறுத்தியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காகச் சேர்ப்பதும், கொண்டுசெல்வதும், தங்கவைப்பதும், கைமாற்றுவதும், பெற்றுக்கொள்வதும் குற்றம் என்றது அது. கடத்தப்பட்டவரின் இசைவு இருந்ததா இல்லையா என்பது கருதத்தக்கதே அன்று என்றும் தெளிவாகச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 143ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஆகச் சட்டம் தன் வாசிப்பைத் திருத்திக்கொண்டுவிட்டது. ஊர்தான் இன்னும் பழைய உரையைக் கையில் வைத்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவது நியாயமும்கூட. கடத்தல் என்ற பேச்சே பெண்களைக் கட்டிப்போடும் கயிறாகாதா? வயது வந்த பெண் சாதி கடந்து ஒருவனை மணந்துகொண்டால், 'என் மகளைக் கடத்திவிட்டான்' என்று பெற்றோர் புகார் எழுதுவது இந்நாட்டில் நாள்தோறும் நடப்பது. உண்மையான உடன்போக்கைக் கடத்தல் என்று எழுதும் ஊரே, உண்மையான கடத்தலை உடன்போக்கு என்று விட்டுவிடுகிறது. முன்னதில் சாதி மானம் போகிறது, ஆகவே சீற்றம் வருகிறது. பின்னதில் போவது ஏழையின் மகள், சீற்றம் வருவதில்லை.

இரண்டையும் பிரித்தறியும் வழியை அகத்திணை மரபே தந்திருக்கிறது. களவொழுக்கத்தில் பொய் புகும் என்பதை முன்னோர் அறியாதவரல்லர். ஏமாற்று மிகுந்த பின்னரே மணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் கூறும். உடன்போக்கில் தோழி இருக்கிறாள். தலைவன் இன்னான் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது தெரியும். உடன்போக்கை முடித்து வைப்பவளே அவள்தான். பிறகு அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் அவள் செவிலிக்கு உண்மையைச் சொல்கிறாள். செவிலி நற்றாய்க்குச் சொல்கிறாள். செய்தி தந்தை வரை சேர்கிறது. கடத்தலில் இந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே அறுக்கப்படுகிறது. 'யாரிடமும் சொல்லாதே' என்பதே தரகனின் முதல் நிபந்தனை. தோழிக்கும் தெரியாமற் போன பெண் உடன்போக்கில் போனவள் அல்லள் என்று ஐயுற வேண்டும். அடுத்த அடையாளம் இன்னும் எளியது: அவள் போனதனால் யார் கையிலாவது பணம் ஏறியதா? காதலில் தரகு கிடையாது.

பணம் என்றதும் முன்பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதலைக் காட்டி அழைத்துச் செல்வது கடத்தலின் ஒரு முகம். முன்பணத்தைக் காட்டி அழைத்துச் செல்வது அதைவிடப் பரவலான முகம். அதனாலேயே அது குற்றமாகத் தோன்றுவதில்லை.

மனிதரை ஓலையால் பிணிக்கும் வழக்கம் தமிழகத்தில் பழையது. பட்டினப்பாலை பகைவர் நாட்டினின்று பற்றி வரப்பட்ட கொண்டி மகளிரைக் காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பஞ்சம் பொறாது தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் உள்ளனர். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் கையில் கொண்டுவருவதும் ஓர் ஆளோலையே. பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைப் பிணிக்கும் என்பது அங்கே வழக்கு. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அப்படி ஓர் ஓலை இருக்க முடியாது என்று தள்ளவில்லை. ஓலை மெய்யா, கையெழுத்து மெய்யா என்றே ஆராய்ந்தனர். பக்தியின் ஒளியில் அக்காட்சி வேறு பொருள் பெறுகிறது என்பது உண்மை. ஆளோலை என்னும் நடைமுறை அக்காலத்து மக்களுக்கு எவ்வளவு பழகிய ஒன்று என்பதையும் அதுவே காட்டுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓலை காகிதமாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி தொழிலாளியின் கடனைக் குறித்து வைத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் எழுதிய கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே ஆள் போகலாம். கடன் கைமாறும்போது மனிதரும் கைமாறினர். 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1903இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், முன்பணம் பெற்றுவிட்டு வேலையிலிருந்து நீங்கியவரைத் தண்டிக்க வழி செய்தது. கடன் கொடுத்தவனுக்கு அரசே காவற்காரனாக நின்ற காலம் அது.

இலக்கியம் இதைக் கண்டு வாளா இருக்கவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய இந்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். மணிக்கொடிக் காலத்தில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியை நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று காட்டினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. அந்நாவலில் கருப்பனையும் வள்ளியையும் மலைக்கு அழைத்துச் செல்லும் மேஸ்திரி கொடுமுகம் காட்டுபவன் அல்லன். நல்ல துணி உடுத்திச் சிரித்துப் பேசுகிறவன். கையில் முன்பணம் வைத்திருப்பவன். ஆட்கடத்துவோனை அடையாளம் காண விரும்புவோர் காவல் துறைக் கையேட்டுக்கு முன் அந்த அத்தியாயங்களைப் படிக்கலாம். அவன் பெரும்பாலும் அயலான் அல்லன். அத்தை மகனாகவோ, சித்தப்பா முறையினனாகவோ, முன்பு அதே வேலைக்குப் போய் வந்த பக்கத்துத் தெருப் பெண்ணாகவோதான் வருவான், வருவாள்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் நினைவுக்கு வரும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி ஆலைகளுக்குத் தென்மாவட்டங்களின் வறிய குடும்பத்துப் பெண்கள் திரட்டப்பட்டனர். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை. அதைக் கொண்டு திருமணம் செய்துகொள்ளலாம் என்பது வாக்கு. விடுதியை விட்டு வெளியே போக இயலாமை, அளவு மீறிய வேலை நேரம், ஆண்டு நிறையுமுன் நோயுற்று வெளியேறினால் தொகை இல்லை என்னும் நிலை ஆகியவற்றை 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது. திட்டத்துக்கு வைத்த பெயரைத் தமிழாசிரியர்கள் சற்று உற்றுநோக்க வேண்டும். கூலியை நிறுத்திவைப்பதற்குச் சுமங்கலி என்று பெயர்! தாலியின் புனிதத்தைக் காட்டிக் கணக்குப் புத்தகத்தை மூடிய இச்சொல்லைப் போல் தமிழுக்கு இழுக்குத் தேடிய சொல் அண்மையில் வேறு பிறக்கவில்லை.

சிறுவர்களின் கதை வேறு. மதுரை, தேனி மாவட்டச் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணம் பெற்று அனுப்பப்படுவதும், சிலர் மீட்கப்படுவதும் நாளேடுகள் பலமுறை வெளியிட்ட செய்திகள். மொழி தெரியாத ஊர், விடியுமுன் எண்ணெய்ச் சட்டி, ஊதியம் முன்பணத்தில் கழியும் என்னும் கணக்கு. பள்ளியில் அந்தப் பிள்ளை 'இடைநின்றவன்' என்று குறிக்கப்படுகிறான். பத்து நாள் வராத மாணவனின் வீட்டுக்கு ஆசிரியர் ஒரு முறை நடந்தால் தெரியக்கூடிய செய்தியைப் பதிவேட்டின் ஒரு சொல் மூடிவிடுகிறது.

மலைச் சரிவிலோ இப்போது காட்சி மாறியிருக்கிறது. அடிவாரத்துத் தொழிலாளர் மாலையில் வீடு திரும்புகின்றனர். கூலிக் குறைவு, ஜீப்பில் நெரிசல் என்று எத்தனை துன்பம் இருப்பினும், வீடு திரும்புதல் ஒரு காப்பு. மத்தியப் பிரதேசம், ஜார்கண்ட், அசாம் முதலிய இடங்களிலிருந்து ஏலக்காட்டுக்கு வந்து லயங்களில் தங்குவோர்க்கு அந்தக் காப்பு இல்லை. அவர்களெல்லாரும் கடத்தப்பட்டவர் என்று சொல்வது பெரும்பிழை. பெரும்பாலோர் பிழைப்புத் தேடித் தாமே வந்தவர்கள். ஆயினும் ஆதார் அட்டையை ஆள் கூட்டி வந்தவன் வைத்துக்கொண்டிருந்தாலோ, கூலி குடும்பத் தலைவன் கைக்கு வராமல் அவனிடமே போனாலோ, பேச முயன்றால் அருகில் ஒருவன் வந்து நின்று விடை சொன்னாலோ, சந்தைக்கு வரும்போதும் காவலோடு வந்தாலோ, காண்பவர் ஐயுற வேண்டும். நூறாண்டுக்கு முன் தமிழன் அயல் மலையில் நின்ற நிலையில் இன்று கோண்டியும் சந்தாலியும் பேசுவோர் நிற்கின்றனர். கங்காணி என்னும் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கண்டபின் செய்வது என்ன? ஆர்வமிக்க இளைஞர்கள் தாமே சென்று மீட்க முனைவது ஆபத்து. தரகன் எச்சரிக்கை பெற்று ஆளை வேறிடம் மாற்றிவிடுவான். குழந்தையாயின் 1098, எவராயினும் 112 என்னும் எண்கள் இரவு பகல் எந்நேரமும் உண்டு. கொத்தடிமை என ஐயுற்றால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்கலாம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்பணக் கடனை அடியோடு அழித்துவிட்டது. விடுவிக்கப்பட்டவர் அதில் ஒரு காசும் திருப்பித் தர வேண்டியதில்லை. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவனுடையதே. திருவெண்ணெய்நல்லூர் வழக்கு தலைகீழாகிவிட்டது என்று கொள்ளலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்டவரிடம் விடுதலைச் சான்று இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. அந்த ஒற்றைத் தாள் இன்றேல் மறுவாழ்வு உதவி எளிதில் கிட்டாது. பழைய தரகனே மீண்டும் கதவைத் தட்டுவான்.

இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களுள் ஆசிரியர் உண்டு, அஞ்சல் ஊழியர் உண்டு, கடை வைத்திருப்போர் உண்டு. ஊரார் மனு எழுதித் தரக் கேட்டு வருவது இவர்களிடந்தான். காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், கடத்தல் என்றே தொடக்கத்தில் கருதி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஆணையிட்டது. 'இரண்டு நாள் பாருங்கள், தானே வருவாள்' என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அத்தகைய புகாரை எழுதும்போது பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடம், உடனிருந்தவர், அண்மையில் வீட்டுக்கு வந்து போன புதியவர், கைமாறிய தொகை, தோழியர் சொன்ன செய்தி ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். மானம் கருதித் தந்தையோ தாயோ 'யாருடனோ ஓடிப்போய்விட்டாள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வதுண்டு. கண்ணால் கண்டவர் எவருமில்லையெனில் அவ்வரியை எழுதலாகாது. 'காணவில்லை' என்று எழுதினால் போதும்.